பி.டி. சார் அன்று ஏன் பேசவில்லை

அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருடமே குறுவட்டத் தடகளப் போட்டியை நடத்தும் பொறுப்பு எங்கள் பள்ளிக்கு வந்துவிட்டது. பி.பி.எட். படிக்கும்போது ட்ராக் போடக் கற்றிருந்தேன். ஆனால் அத்தனை பள்ளிப் பிள்ளைகளும் வந்து நிற்கும் ஒரு மீட்டைத் தலைமையேற்று நடத்துவது வேறு விஷயம்.

பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் உடற்கல்வி இயக்குநர், எங்களுக்கெல்லாம் பி.டி. சார், அவர்தான் கைகொடுத்தார். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் படித்தவர். 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய கல்லூரி என்று சொல்லும்போதே அவர் முகம் மலரும். முதல் நாளே தன் பழைய நோட்டை என்னிடம் தந்தார். முதல் பக்கத்தில் ஓட்டமும் இல்லை, தாண்டுதலும் இல்லை. ‘பெண் பிள்ளைகளின் கழிப்பறைச் சாவி யாரிடம்? தண்ணீர் டிரம் நிழலில் இருக்கிறதா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு?’ என்றுதான் எழுதியிருந்தது. இன்றுவரை நான் போடும் பட்டியலும் அந்தச் சாவியில்தான் தொடங்குகிறது.

எங்கள் மைதானத்தில் 200 மீட்டர் ட்ராக்தான் அடங்கும். கயிறு, முளை, டேப், சுண்ணாம்புத் தூள் எல்லாவற்றோடும் விடியற்காலையில் இறங்கினேன். முதல் லேனை உள்விளிம்பில் வைத்த கெர்ப் என்ற தடுப்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளந்து சரியாகவே போட்டேன். மற்ற லேன்களுக்கு அவற்றின் உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி அளக்க வேண்டும். அதனால் 1.22 மீட்டர் அகல லேனில், ஒரு முழுச் சுற்றுக்கு, இரண்டாவது லேனின் ஸ்டாகர், அதாவது தொடக்கக் கோட்டை முன்னால் தள்ளி வைக்கும் தூரம், 7.04 மீட்டர். பதற்றத்தில் அந்த 30, 20 கணக்கை மறந்து 7.66 என்று வைத்துவிட்டேன். அடுத்த லேன்களெல்லாம் அதையொட்டியே நகர்ந்தன.

14 வயதுக்குட்பட்ட மாணவியர் 200 மீட்டர் ஹீட்ஸ். முதல் இரண்டு இடம் வந்தால்தான் ஃபைனல். முதல் லேன் பெண் மயிரிழையில் மூன்றாவதாக வந்தாள். இரண்டாவதாக வந்தவள், நான்காவது லேனில் ஓடிய எங்கள் பள்ளிப் பெண். முதல் லேன் பெண்ணின் பள்ளி ஆசிரியர் டேப்பை எடுத்து அளந்தே காட்டினார்: “எங்க பிள்ளை 62 சென்டிமீட்டர் கூடுதலா ஓடியிருக்கு.”

கூட்டம் கூடிவிட்டது. எல்லாரும் சாரைத்தான் பார்த்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, “டீச்சர், நீங்கதானே மீட் நடத்துறீங்க? சொல்லுங்க” என்றார். தனியாக இருக்கும்போது “என்னம்மா” என்று கூப்பிடுகிறவர், நாலு பேர் முன்னால் எப்போதும் டீச்சர்தான்.

தப்பு என்னுடையது என்று சொன்னேன். கோட்டை மாற்றி, பிள்ளைகளுக்கு ஓய்வு கொடுத்து, மறுபடி ஓடவிட்டேன். முதல் லேன் பெண் இரண்டாவதாக வந்தாள், எங்கள் பெண் மூன்றாவது. அவள் ஸ்பைக்ஸைக் கழற்றாமலே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “என் தப்புக்கு நீ அழ வேண்டியதாப் போச்சு கண்ணு” என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் சாரிடம் கேட்டேவிட்டேன், ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று. “ஓட்டத்துக்கு முன்னாடி கண்ணுல பட்டிருந்தா சொல்லியிருப்பேம்மா. பிள்ளைங்க ஓட்டத்தை வெச்சு உனக்குப் பாடம் நடத்த மாட்டேன். ஆனா பிரச்சினை வந்தப்புறம் நான் பேசியிருந்தா, அடுத்த வருஷமும் எல்லாரும் என்னைத்தான் தேடுவாங்க.” அப்புறம் பில் தாளைத் திருப்பிப் போட்டு, ஸ்டாகர் கணக்கை மறுபடி எழுதச் சொன்னார்.

சார் ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம், எங்கள் வட்டத்துக்குப் புதிதாக வந்த டீச்சர் ஒருவர் ட்ராக் போட்டார். டேப்பை வாங்கி நானே போட்டுவிடலாமா என்று கை பரபரத்தது. வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். முதல் ஓட்டத்துக்கு முன்னால் ஒருமுறை அளந்து பார்ப்பதற்கு மட்டும் என் டேப்பை மடியில் வைத்திருந்தேன். 7.04 சரியாக இருந்தது.