கார் கண்ணாடியை உடைத்துத் திருட்டு: தெருவுக்குக் காமிராவும் காவலாளியும் வேண்டுமா?

செல்வி_க:
நேற்று இரவு வாசலில் நிறுத்தியிருந்த காரின் பின்ஜன்னலை உடைத்து, இருக்கையில் கிடந்த பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே மடிக்கணினியும் என் மகளின் ஓவிய நோட்டும் இருந்தன. கணினியை வாங்கிவிடலாம், நோட்டுக்கு எங்கே போவது? காலையில் இருக்கை முழுக்க ஆலங்கட்டி கொட்டிய மாதிரி கண்ணாடித் துண்டுகள். எங்கள் தெருவில் இந்த மாதம் இது மூன்றாவது கார். தெருவின் இரண்டு முனையிலும் காமிரா, இரவுக் காவலாளி, தெரியாத முகம் நடமாடினால் உடனே வாட்ஸ்அப் குழுவில் படம். குடியிருப்போர் கூட்டத்தில் இந்த மூன்றையும் கேட்கப் போகிறேன். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

பழைய ஓட்டுநர்:
நடந்ததற்கு வருந்துகிறேன் அம்மா. ஆனால் முதலில் காருக்குள் எதுவும் தெரியக்கூடாது, அதுதான் அடிப்படை. முன்கண்ணாடியில் இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருக்கும், உடைந்தாலும் விழாது. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் சூடேற்றிக் கடினமாக்கியது. ஓர் இடத்தில் சரியாக அடிபட்டால் மொத்தமும் நொறுங்கிவிடும், சில நொடி போதும். காமிரா அதைப் படம் பிடிக்கும், தடுக்காது. வெறும் சார்ஜர் ஒயரும், போன் தாங்கி ஒட்டிய வட்டத் தடமும்கூட உள்ளே ஏதோ இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும்.

செல்வி_க:
பையை விட்டது என் தவறு, சரி. அதற்காக உடைத்தவனை விட்டுவிட்டு என்னைத் திருத்துவதா? என் வாசலில் என் பொருள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியா?

தெருமுனை:
நான் செல்வி பக்கம். ஒரு இடத்தில் திருட்டு நடந்தால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இடத்திலும் பக்கத்திலும் மறுபடி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று குற்றவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வழி தெரிந்தவன் திரும்பி வருகிறான். மூன்று கார் போன பிறகும் பொறுமை பேசக்கூடாது. மூன்று பேரும் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்தீர்களா? சின்னத் திருட்டுதானே என்று விட்டால் கணக்கிலேயே வராது, அப்புறம் ரோந்து எப்படி வரும்?

இரவுப்பணி:
அந்த மூன்றாவது யோசனையை மட்டும் கைவிடுங்கள். நான் வேலை முடிந்து இரவு இரண்டு மணிக்கு நடந்து வருபவன். போன வருடம், நான் குடியிருக்கும் தெருவிலேயே என் படத்தைச் ‘சந்தேக நபர்’ என்று போட்டார்கள். கீழே விழுந்த சாவியைப் போன் வெளிச்சத்தில் தேடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். படத்தை எடுத்துவிட்டார்கள், ஆனால் பார்வை மாறவில்லை. இன்றும் என்னைக் கண்டால் குழந்தையை உள்ளே கூப்பிடும் வீடு இருக்கிறது.

அமெரிக்காவில் நெக்ஸ்ட்டோர் என்ற அக்கம்பக்கத்தார் செயலியில் இதே பிரச்சினை வந்தது. 2016-இல் அதன் புகார்ப் படிவத்தையே மாற்றினார்கள். இனத்தை மட்டும் சொல்லிப் பதிவிட முடியாது, அவர் என்ன செய்தார் என்று எழுத வேண்டும். நீங்களும் அப்படியே செய்யலாமே. ‘கார் கதவுகளை இழுத்துப் பார்த்தபடி போனார்’ என்றால் அது தகவல். ‘புது முகம்’ என்பது தகவல் இல்லை.

பழைய ஓட்டுநர்:
காமிரா பற்றி இன்னொன்று. பல ஊர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த வெல்ஷ், ஃபாரிங்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர்கள் இருவரும், வாகன நிறுத்துமிடங்களில்தான் காமிரா நன்றாகப் பலன் தருகிறது, நகரத் தெருக்களில் பெரிதாக இல்லை என்று கண்டார்கள். தெருவிளக்கை மேம்படுத்திய இடங்களில் குற்றம் குறைந்தது, இரவில் மட்டுமல்ல, பகலிலும். இந்த இடத்தைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்ற எண்ணம் பரவுவதாலும் இருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். எனவே முதல் செலவு விளக்குக்கு.

தெருமுனை:
விளக்குக்கு மனு போட்டு அது எரியும்வரை யார் காவல்? காவலாளி நாளைக்கே வரலாம்.

செல்வி_க:
விளக்கைப் பட்டியலில் முதலில் வைக்கிறேன். எங்கள் வாசலுக்கு எதிரே உள்ள கம்பத்தில் விளக்கு எரியாமல் ரொம்ப நாளாகிறது, நானும் புகார் செய்யவில்லை. படம் போடுவதை விட்டுவிடுகிறேன். இரவுப்பணி சொன்னதைப் படித்தபோது எதிர்வீட்டு மாடியில் இருக்கும் பெண் நினைவுக்கு வந்தார். தினமும் நள்ளிரவில்தான் வருவார், பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் காவலாளி வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

இரவுப்பணி:
காவலாளி வந்தால், முதல் நாளே அந்தப் பெண்ணை அவருக்கு அறிமுகம் செய்துவையுங்கள். கூட்டத்துக்கும் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் தெருவைத் தினமும் பார்ப்பவர் அவர்தான்.

செல்வி_க:
இன்று மாலை அவர் வேலைக்குக் கிளம்பும் முன் போய்ப் பேசுகிறேன்.