மைக்கேல் ஹெட்ஜஸ் வாசித்தது நிஜமாகவே ஒரே கிட்டார்தானா?

ஆறாம்கம்பி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மூன்று வருடமாக ஃபிங்கர்ஸ்டைல் கிட்டார், அதாவது வலது கை விரல்களாலேயே கம்பிகளைப் பறித்து வாசிக்கும் முறை, பழகிக்கொண்டிருக்கிறேன். ஆண்டி மெக்கீ வாசித்த வீடியோக்களைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன், அவர் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லும் பெயர் மைக்கேல் ஹெட்ஜஸ் என்பதால் போன வாரம் ஒரு ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'ஏரியல் பவுண்டரீஸ்' கேட்டேன். முதல் அரை நிமிடம் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே நினைத்தேன். கீழே பாஸ் ஒரு பக்கம் ஓடுகிறது, நடுவில் ஓயாமல் ஒரு சுழற்சி, மேலே மணி மாதிரி ஹார்மோனிக்ஸ், போதாததற்கு யாரோ மரப்பெட்டியைத் தட்டுகிற சத்தம் வேறு. அப்புறம் தேடிப் பார்த்தால் ஒரே ஆள், ஒரே கிட்டார், 1984இல் வந்த ஆல்பம் என்கிறார்கள். மனிதர் 1997இலேயே இறந்துவிட்டார் என்று படித்ததும் ஏனோ மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது, நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவரை அன்றைக்குத்தான் சந்தித்த மாதிரியும் அன்றைக்கே இழந்த மாதிரியும் இருந்தது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நிஜமாகவே ஒரே கிட்டார்தானா? அவர் யார், எப்படி இறந்தார்? அடுத்து எதைக் கேட்கலாம்? முடிந்தால் அந்த ஒரு உருப்படியையாவது வாசிக்கக் கற்றுக்கொள்ள ஆசை, எங்கே பிடித்துத் தொடங்குவது என்றே தெரியவில்லை.

பழையகேசட் எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் சித்தப்பா வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பத்துப் பதினைந்து கேசட்டுகளில் ஒன்று அது. நானும் உங்களைப் போலத்தான், இரண்டு பேர் என்று நினைத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆமாம், ஒரே கிட்டார். ஆல்பத்தின் பெயரையே கொண்ட அந்த முதல் உருப்படியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவுசெய்து அடுக்கிய வேலை எதுவும் கிடையாது.

1953 டிசம்பர் 31 அன்று கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோவில் பிறந்தவர், வளர்ந்தது ஒக்லஹோமா மாநிலத்தில் ஈனிட் என்ற ஊரில். அங்கேயே ஃபிலிப்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார், பிறகு பால்டிமோரில் பீபாடி இசைக் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கினார். பட்டம் கிட்டார் வாசிப்பதற்கு அல்ல, இசை அமைப்பதற்கு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அவரைப் பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது. பார்டாக், ஸ்ட்ராவின்ஸ்கி, வெபர்ன் என்று மேற்கத்திய இசை அமைப்பாளர்களைக் காகிதத்தில் எழுதிப் படித்த ஆள், அதே சமயம் லியோ காட்கி, ஜான் மார்ட்டின் போன்ற கிட்டார்காரர்களையும் விரும்பிக் கேட்ட ஆள். 1980இல் கலிஃபோர்னியாவுக்குப் போனவர் பாலோ ஆல்டோவில் ஒரு தியேட்டரில் வாசித்துக்கொண்டிருந்தபோது விண்டம் ஹில் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய வில் ஆக்கர்மன் கேட்டுவிட்டு, அங்கேயே கைதுடைக்கும் காகிதத்தில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார் என்பது இந்த வட்டாரத்தில் எல்லாரும் சொல்லும் கதை. 1981இல் 'பிரேக்ஃபாஸ்ட் இன் த ஃபீல்ட்', மூன்று வருடம் கழித்து நீங்கள் கேட்டது.

இறந்தது சாலை விபத்தில். 1997 டிசம்பர் தொடக்கம், விடுமுறை முடிந்து சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கித் தன் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மென்டசீனோ பக்கம் மலைச்சாலை, மழை பெய்து வழுக்கிய ஒரு வளைவு, கார் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. சில நாட்கள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். 43 வயது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் 44 ஆகியிருக்கும்.

எனக்கு அந்தச் செய்தி தெரிந்ததே ஒன்றரை வருடம் கழித்து, ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையில். அந்த ஒன்றரை வருடமும் அவர் உயிரோடு இருக்கிறார், புதிதாக ஏதோ செய்துகொண்டிருப்பார் என்று நினைத்துத்தான் அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அடுத்து 'லைவ் ஆன் த டபிள் பிளானட்' கேளுங்கள், 1987. மேடையில் வாசித்த பதிவுகள். ஆள் சிரிப்பதும் கத்துவதும் பாடுவதும் எல்லாம் அதில் இருக்கும். பாப் டிலன் பாட்டு, பீட்டில்ஸ் பாட்டு எல்லாவற்றையும் தனியாக ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு அவர் என்ன பாடு படுத்துகிறார் என்று பாருங்கள்.

டி28 எழுதியது:

வாசிக்கும் பக்கத்தை நான் சொல்கிறேன், இரண்டு வருடம் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

முதலில் ட்யூனிங். தடித்த கம்பியிலிருந்து சொன்னால் சி, சி, டி, ஜி, ஏ, டி. ஆறாவது கம்பியை ஈயிலிருந்து சிக்கு இறக்க வேண்டும், இரண்டாவது பியிலிருந்து ஏக்கு, முதல் கம்பி டிக்கு, மூன்றும் நான்கும் இருந்தபடி இருக்கட்டும். ஐந்தாவதுதான் கவனம், அதை ஏயிலிருந்து சிக்கு ஏற்ற வேண்டும், அப்போது ஆறாவதும் ஐந்தாவதும் ஒரே ஸ்வரத்தில் ஒரு ஸ்தாயி தள்ளி நிற்கும். சாதாரணக் கம்பியை வைத்துக்கொண்டு அவ்வளவு ஏற்றினால் இழுவை அதிகம். நான் முதல் நாள் அவசரப்பட்டு ஏற்றினேன், சி வருவதற்குள் அறுந்து மணிக்கட்டில் சுளீரென்று ஒரு கோடு போட்டது. கொஞ்சம் மெல்லிய கம்பியாகப் பார்த்து மாற்றிக்கொண்டு ஏற்றுங்கள், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து கை. நாம் பழகியது வலது கை பறிக்கும், இடது கை அழுத்தும் என்பது. இங்கே அந்த வேலைப் பிரிவினையே கிடையாது. இடது கை விரல் ஃப்ரெட்டின் மேல் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) சுத்தியல் மாதிரி இறங்கி அந்த அடியிலேயே ஒலியை எழுப்புகிறது, எடுக்கும்போது கம்பியைக் கொஞ்சம் இழுத்துவிட்டு இன்னொரு ஒலி. ஆக இடது கை மட்டும் தனியாக ஒரு சுழற்சியை ஓட்டிக்கொண்டே இருக்கும். வலது கைக்கு விடுதலை கிடைத்துவிட்டது இல்லையா, அது ஃப்ரெட்போர்டு மேலேயே வந்து தட்டும், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் விரலால் பட்டென்று அறைந்து ஹார்மோனிக்ஸ் எடுக்கும், நேரம் கிடைத்தால் மரத்தையும் தட்டும். நீங்கள் இரண்டு பேர் என்று நினைத்தது தப்பே இல்லை, இரண்டு கையும் இரண்டு ஆளாகத்தான் வேலை செய்கின்றன.

ஆனால் இந்தத் தட்டலைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள், அவரைப் பின்பற்றியவர்களில் பாதிப் பேர் அதோடு நின்றுவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஹெட்ஜஸிடம் உண்மையில் கற்க வேண்டியது நிறுத்துவது. ஒரு கம்பியை எப்போது ஒலிக்கவிடுவது என்று யோசித்த அளவுக்கு எப்போது அமர்த்துவது என்றும் யோசித்திருக்கிறார். திறந்த ட்யூனிங்கில் எல்லாக் கம்பியும் ஒன்றோடொன்று சேர்ந்து ரீங்கரித்துக்கொண்டே இருக்கும், விட்டுவிட்டால் கஞ்சி மாதிரி ஆகிவிடும். அவர் வாசிப்பில் பாஸ் மாறும் இடத்தில் கூர்ந்து கேளுங்கள், புதிய ஸ்வரம் பிறக்கும் அதே நொடியில் பழையது செத்திருக்கும், அதற்கென்று ஒரு விரலோ கட்டைவிரலின் பக்கவாட்டோ சத்தமில்லாமல் போய்க் கம்பியைத் தொட்டிருக்கும். ஜான் ஸ்ட்ரோப்ஸ் என்பவர் இவருடைய உருப்படிகளைச் சுரப்படுத்தி வெளியிட்டிருக்கிறார், கிடைத்தால் வாங்குங்கள், ஒவ்வொரு ஒலியும் எங்கே முடிகிறது என்பதற்கு அதில் எவ்வளவு அக்கறை காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பழையகேசட் ஐயா சொன்ன அந்தப் பட்டம் இதில்தான் தெரிகிறது. வெறும் வேகக் கைக்காரனுக்கு மௌனத்தை எழுதத் தோன்றாது.

நேரடியாக அந்த உருப்படிக்குப் போகாதீர்கள். இடது கை மட்டும், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மாதம்.

ஈரக்காற்று எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஏன் எல்லாரும் ஒரே ஆல்பத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள்? எனக்கு ஹெட்ஜஸ் என்றால் 1990இல் வந்த 'டேப்ரூட்'தான். அதன் கடைசியில் இ. இ. கம்மிங்ஸ் கவிதை ஒன்றுக்கு மெட்டுப் போட்டுப் பாடியிருக்கிறார், பின்னணிக் குரல் டேவிட் கிராஸ்பியும் கிரஹாம் நாஷும். தட்டலும் இல்லை, அறைதலும் இல்லை. என் அப்பா மருத்துவமனையில் இருந்த நாட்களில் அதை மட்டும்தான் கேட்டேன், அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எழுத வராது.

அவர் பாடிய ஆல்பங்களைப் பலர் ஒதுக்குகிறார்கள். 'வாச்சிங் மை லைஃப் கோ பை' 1985இல் வந்தபோது, ஏரியல் பவுண்டரீஸ் கேட்டுவிட்டு இன்னொரு கிட்டார் ஆல்பத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு அது பாட்டு ஆல்பமாக வந்தது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். எனக்கும் அதில் எல்லாப் பாட்டும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குப் பாட வேண்டும் என்று தோன்றியது, பாடினார், புல்லாங்குழல் வாசிக்கத் தோன்றியபோது வாசித்தார். வெற்றி பெற்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யாமல் இருந்ததற்கே நான் அவரை மதிக்கிறேன்.

இன்னொன்று, 'நியூ ஏஜ்' என்ற முத்திரை. கடையில் தியான இசைக்குப் பக்கத்தில் இவரை அடுக்கினார்கள், அவர் போன பிறகு 1998இல் 'ஆரக்கிள்' ஆல்பத்துக்குக் கிராமி விருது கொடுத்ததும் அந்தப் பிரிவில்தான். ஒரு கிட்டாரை அந்த அடி அடிக்கிறவரைக் கண்மூடி ஓய்வெடுக்கும் இசை என்று எப்படி வகைப்படுத்தினார்களோ. அவரே தன் இசைக்கு 'வயலன்ட் அகூஸ்டிக்' என்றெல்லாம் விளையாட்டாகப் பெயர் வைத்துப் பார்த்திருக்கிறார். விருது வந்ததில் சந்தோஷம், அவர் கையில் வாங்கவில்லையே என்பதுதான் வருத்தம்.

பழையகேசட் எழுதியது:

ஈரக்காற்று, டேப்ரூட்டை விட்டது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அப்பா இப்போது நலமா?

இன்னும் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், ஹார்ப் கிட்டார். டையர் என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்ற வாத்தியம், சாதாரணக் கழுத்துக்கு மேலே குடத்திலிருந்தே இன்னொரு கை நீண்டு வளைந்து வரும், அதில் மந்தர ஸ்தாயிக் கம்பிகள். அவற்றுக்கு ஃப்ரெட் கிடையாது, சும்மா தொட்டால் போதும். நம் வீணையில் பக்கத்தில் ஓடும் தாளக் கம்பிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த யோசனை சட்டென்று பிடிபடும், இங்கே அவை மேல் ஸ்தாயியில் ஒலிக்கும், அங்கே தரையிலிருந்து எழுகிற மாதிரி கீழே ஒலிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அப்போது அதிகம் பேர் சீண்டாமல் கிடந்த வாத்தியம் அது. ஹெட்ஜஸ் அதைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறிய பிறகுதான் புதிய தலைமுறை அதைத் தேடத் தொடங்கியது, ஆறாம்கம்பி பார்த்த மெக்கீ கையில் அது வந்தது இந்த வழியாகத்தான்.

அப்புறம் 'ஏரியல் பவுண்டரீஸ்' ஆல்பத்தின் இரண்டாவது உருப்படியின் பெயர் 'பென்சுசான்'. பிரான்ஸில் பியேர் பென்சுசான் என்று ஒரு பெரிய கிட்டார் கலைஞர், அவர் மேல் இருந்த மரியாதையில் வைத்த பெயர். ஹெட்ஜஸ் இறந்த பிறகு பென்சுசான் பதிலுக்கு 'சோ லாங் மைக்கேல்' என்று ஒன்று அமைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். முதலில் எழுதியவர் வயதில் மூத்தவர், இரண்டாவதை எழுத வேண்டி வந்தவர் இளையவர். கனடாவில் டான் ராஸ் என்ற கிட்டார் கலைஞரும் ஹெட்ஜஸ் நினைவாக ஒன்று செய்தார், தலைப்பே மைக்கேல் என்ற பெயரை மூன்று முறை சொல்லிக் கூப்பிடுவதுதான்.

டி28 எழுதியது:

ஹெட்ஜஸ் மாதிரி சீக்கிரமே போய்விட்டவர்கள் வரிசையில் எரிக் ரோஷ் பெயரையும் சேர்த்துவிடுகிறேன். அயர்லாந்தில் வளர்ந்தவர், இங்கிலாந்தில் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர், கிட்டார் உடம்பையே டிரம்ஸாக வைத்து வாசிப்பதில் அருமையான கை. புற்றுநோயில் 2005இல் போனார், 37 வயது. அவர் எழுதிய பாடப் புத்தகம் இன்றும் என் மேசையில் இருக்கிறது. இரண்டு பேரையும் நினைக்கும்போது ஐம்பது வயதில் இவர்கள் என்ன எழுதியிருப்பார்கள் என்ற கேள்விதான் வருகிறது.

ஆறாம்கம்பி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது, பதில் போடத் தாமதம், மன்னிக்கவும்.

பென்சுசான் ஜோடியை ஐயா சொன்னபடி அடுத்தடுத்துக் கேட்டேன், இரண்டாவது முடிந்ததும் கொஞ்ச நேரம் எதையும் போடவில்லை. டேப்ரூட் இன்னும் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.

ஐந்தாவது கம்பியை மெல்லியதாக மாற்றி ஏற்றினேன், அறுக்கவில்லை. வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கை மட்டும் தினம் அரை மணி. மோதிர விரல் நுனி தோல் உரிந்து இப்போது காய்த்துவிட்டது. சுழற்சி மெதுவாகப் போட்டால் வருகிறது, ஆனால் டி28 அண்ணன் சொன்ன நிறுத்துவது வரவில்லை, சுண்டுவிரல் ஆறாவது கம்பியை அமர்த்தப் போகும்போது கூடவே ஐந்தாவதையும் தொட்டுக் கொன்றுவிடுகிறது. விரலைக் கொஞ்சம் நிமிர்த்தி நுனியால் தொட வேண்டுமா, இல்லை அந்த வேலையை வலது கட்டைவிரலுக்குக் கொடுத்துவிடலாமா? ஒரு நிமிடம் பதிவுசெய்து போடுகிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் அண்ணா.