சுத்தியலால் தட்டினதற்கா இவ்வளவு காசு?

முத்தையன்கட்டான்:
அம்மாவுக்கு நடக்கும்போது கால் இழுக்கிறது. பிரைவேட்டில் ஒரு நரம்பு டாக்டரிடம் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து, கூட்டிப்போனேன். மனுசன் சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து முழங்காலில் தட்டினார், குதிக்காலில் தட்டினார், சாவியால் உள்ளங்காலைக் கீறினார். எம்.ஆர்.ஐ. எழுதித் தாருங்கள் என்றேன். இப்போது வேண்டாமாம். சுத்தியலால் தட்டுவதற்கா இவ்வளவு காசு? நானே தட்டியிருப்பேன். எம்.பி.பி.எஸ். முடித்து லண்டனில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தால் இவர்கள் நிபுணர்!

கனகராயன்:
தட்டும். தட்டிவிட்டு என்ன தெரிந்தது என்று இங்கே எழுதும். வாட்டில் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான், இந்தக் கதையைக் கேட்டால் பொறுக்க முடியவில்லை. முழங்காலில் தட்டும்போது கால் அளவுக்கு மிஞ்சித் துள்ளினால் பழுது பெரும்பாலும் மூளையில் அல்லது முள்ளந்தண்டு நாணில். துள்ளாமல் கிடந்தால் காலுக்கு வருகிற நரம்பில். சீனி வருத்தம் நரம்பைத் தின்னத் தொடங்கினால் குதிக்கால் துள்ளல்தான் முதலில் போகும். உள்ளங்காலைக் கீறும்போது பெருவிரல் மேலே எழும்பினால் பழுது மூளையில் அல்லது நாணில். அப்படிக் கீறிப் பெருவிரலைப் பார்ப்பது பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு வைத்தியர் 1896இல் சொன்னது. இன்றுவரை அதை யாரும் கைவிடவில்லை. எம்.ஆர்.ஐ. எடுப்பதென்றால் தலையையா, கழுத்தையா, இடுப்பையா எடுப்பது? அதைச் சொல்வதே அந்தச் சுத்தியல்தான்.

படிப்பையும் கேளும். மருத்துவபீடத்தில் 5 வருஷம், உள்ளகப் பயிற்சி 1 வருஷம். அப்புறம் கொழும்பில் பட்டப்பின் படிப்புக்குத் தெரிவுப் பரீட்சை, பொது மருத்துவத்தில் எம்.டி., அதற்கும் பிறகுதான் நரம்பியலில் சிரேஷ்ட பதிவாளர், அதாவது நிபுணராவதற்குப் பயிற்சி பெறும் வைத்தியர். நீர் சொல்லும் லண்டன் கடைசியில் வருவது.

வவுனியா வேலன்:
ஐயா வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். முன்பு இங்கே யூரியா உரம் பற்றிய விவாதத் திரியிலும் இப்படித்தான், விவசாயிக்கே விவசாயம் சொல்லிக் கொடுத்தார். படித்தது இலவசக் கல்வியில், எங்கள் காசில். அரசாங்கக் கிளினிக்கில் இரண்டு நிமிஷம் பார்க்கிறவர், வேலை நேரம் முடிந்து பிரைவேட்டுக்குப் போனதும் எப்படிப் பத்து நிமிஷம் பார்க்கிறார்?

கனகராயன்:
கிளினிக் வாசலில் நிற்கிற சனத்தை ஒரு நாள் வந்து பாரும். யூரியாவில் நான் சொன்னதில் ஒரு எழுத்தும் பிழை இல்லை. அதை இங்கே இழுக்காதீர்.

மாந்தை மகள்:
என் தம்பிக்கு 2009 போரில் தலையில் ஷெல் துண்டு ஏறியது. இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வலிப்பு வரும். ஊரில் எல்லோரும் எம்.ஆர்.ஐ. எடு, எம்.ஆர்.ஐ. எடு என்றார்கள். உடம்பில் இரும்பு இருக்கிறதா என்று முதலில் கேட்டவர் நரம்பியல் நிபுணர்தான். அந்தப் பெரிய காந்தத்துக்குள் போனால் துண்டு அசையலாம், சூடாகலாம் என்று விளங்கப்படுத்தினார். சி.ரி. ஸ்கானும், மூளையின் மின்னலைகளைப் பதிகிற ஈ.ஈ.ஜி.யும் எடுத்து மருந்து தொடங்கினார். வன்னியில் எத்தனை பேர் உடம்பில் துண்டோடு நடமாடுகிறோம்! முத்தையன்கட்டு அண்ணை, உங்கள் அம்மாவும் கடைசிச் சண்டையில் மாத்தளன் பக்கம் இருந்தவவா?

முத்தையன்கட்டான்:
தங்கச்சி, அம்மாவின் உடம்பில் துண்டும் இல்லை, மண்ணும் இல்லை. நான் கேட்டது சுத்தியல் பற்றி. ஒப்பரேஷன் செய்தார் என்றால் கேட்ட காசைக் கொடுக்கலாம். இவர் கத்தியைத் தொடவே இல்லையே.

கனகராயன்:
ஒப்பரேஷன் செய்கிறவர் நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர். அது வேறு படிப்பு, வேறு ஆள். அது தெரியாமலா இவ்வளவு நேரமும் கத்துகிறீர்? லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்கிற மெக்கானிக்குக் காசு கொடுக்க மாட்டீரா? திரும்பவும் கேட்கிறேன், கீறும்போது பெருவிரல் மேலே எழும்பியதா, கீழே மடிந்ததா?

கொக்காவில் குமரன்:
சுத்தியலை விடுங்கள். பின்தங்கிய மாவட்டம் என்று கிளிநொச்சி, முல்லைத்தீவு கோட்டாவில் மருத்துவபீடம் போனவர்களில் எத்தனை பேர் நிபுணராகி இங்கே திரும்பி வந்தார்கள்? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பயிற்சிக்கென்று வெளிநாடு போனவர்களில் எத்தனை பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள்? நாங்கள் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் பஸ் ஏறுகிறோம்.

மாந்தை மகள்:
கோட்டாவைப் பற்றி நீங்கள் கதைக்க வேண்டாம். பங்கருக்குள் இருந்து படித்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது அது. உங்கள் பிள்ளைகள் எங்கே படித்தவர்கள் என்று எனக்குத் தெரியும்.

கொக்காவில் குமரன்:
என் பிள்ளைகளை ஏன் இழுக்கிறீர்கள்? திரும்பி வரவில்லை என்றேன், தகுதி இல்லை என்றேனா?

வவுனியா வேலன்:
கோட்டா இருக்கட்டும். இரண்டு நிமிஷமா பத்து நிமிஷமா, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கனகராயன்:
என் கேள்விக்கும்தான். பெருவிரல்?

முத்தையன்கட்டான்:
பெருவிரலைப் பார்க்கவா காசு கட்டினேன்? அடுத்த கிழமைக்கு யாழ்ப்பாணத்தில் வேறொருவரைச் சனல் பண்ணியாயிற்று. அவரும் சுத்தியலைத் தூக்கினால் இங்கேயே வந்து எழுதுகிறேன்.

கனகராயன்:
தூக்குவார். தூக்காவிட்டால்தான் நீர் காசைத் திருப்பிக் கேட்க வேண்டும்.