ஆளேற்றியும் பொருளேற்றியும்: கட்டுமான ஹாய்ஸ்ட்டுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

கட்டுமானத் தளத்தில் ஆட்களையோ பொருள்களையோ மாடிகளுக்குக் கொண்டுபோகும் கருவியான ஹாய்ஸ்ட்டுக்கு (hoist) என்ன தமிழ்ச்சொல் என்று நம் குழு மடல்களில் பேசிவருகிறோம். அதற்கு நண்பர் ஒருவர் முன்வைத்த 'கட்டுமான மின்தூக்கி' படித்தவுடன் புரிகிற சொல்தான். ஆனாலும் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சிங்கப்பூரில் கட்டுமானத் தளத் தொழிலாளர்களுக்குத் தமிழில் பாதுகாப்பு விளக்கம் சொல்வது என் வேலை. மின்தூக்கி என்றால் அவர்கள் மனத்தில் வருவது அடுக்குமாடி வீட்டு லிஃப்ட். பொத்தானை அழுத்தினால் வரும், கதவு தானாகத் திறக்கும், யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஹாய்ஸ்ட்டை அப்படி நினைத்துப் போய் நிற்பதுதான் ஆபத்தே. அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு எடை என்று கூண்டில் எழுதியிருப்பதுதான் எல்லை.

'தூக்கி' என்ற பின்னொட்டிலும் சிக்கல் உண்டு. பாரந்தூக்கி என்பது இங்கே கிரேன். அது கம்பிவடத்தில் தொங்கவிட்டுத் தூக்குவது. இன்று உயரக் கட்டடங்களில் நாம் பார்க்கும் ஹாய்ஸ்ட்டுகளில் பெரும்பாலானவற்றில் கூண்டைத் தூக்க வடமே கிடையாது. கட்டடத்தை ஒட்டி நிறுத்திய கம்பத்தில் பல் வைத்த சட்டம் ஒன்று நெடுக ஓடும். கூண்டில் உள்ள மோட்டார் சிறு பற்சக்கரத்தைச் சுழற்ற, அது அந்தப் பற்களைப் பற்றி ஏறும். ஆகவே 'ஏற்றி' என்பதே பொருந்தும். தளத்தில் பேசுகிறவர்களும் "செங்கல்லை மேலே ஏத்து", "சிமெண்ட் ஏத்தியாச்சா" என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, ஏற்றி என்று வைத்துக்கொண்டால் ஒரே சொல் போதுமா? போதாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐரோப்பியத் தரநெறியில் பொருள் மட்டும் ஏற்றுவதற்கு 12158, ஆளும் பொருளும் ஏறுவதற்கு 12159 எனத் தனித்தனி எண்கள் உள்ளன. தூக்கும் கருவிகளுக்கான பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு விதிகள், ஆள் ஏறும் கருவியை 6 மாதத்துக்கு ஒருமுறை முழுமையாக ஆய்வு செய்யச் சொல்கின்றன. பொருள் மட்டும் ஏற்றுவதற்கு 12 மாதம். பொருள் மட்டும் ஏற்றுவதில் ஆளைக் காக்கும் ஏற்பாடுகள் அத்தனையும் இருக்கும் என்று நம்பி ஏறக் கூடாது. மாலையில் களைத்துப்போன ஒருவர், பத்து மாடி இறங்குவதற்குப் பதிலாக வெறுமனே கீழே போகும் மேடையில் கால் வைக்கிறார். அந்த இடத்தில் அவரைத் தடுக்க வேண்டியது பலகையில் உள்ள சொல்.

அதனால் என் முன்மொழிவு: ஆட்கள் ஏறத் தகுந்தது 'ஆளேற்றி', பொருளுக்கு மட்டுமானது 'பொருளேற்றி'. இரண்டுக்கும் பொதுவாகப் பேசும்போது 'கட்டுமான ஏற்றி'. "பொருளேற்றி: ஆள் ஏறக் கூடாது" என்று எழுதினால் பெயரே பாதித் தடையைச் சொல்லிவிடுகிறது. இன்னொருவர் சொன்ன 'சுமையேற்றி' காதுக்கு இனிமைதான், ஆனால் கூண்டில் ஏறும் ஆட்களும் சேர்ந்ததே சுமை. அனுமதித்த சுமை என்று கணக்கிடும்போது குழப்பும். 'ஆள்பொருளேற்றி' துல்லியமானது, சட்ட ஆவணத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம், சத்தமான தளத்தில் வாயில் நிற்காது.

அடுத்து, கூண்டு பற்றி ஏறும் அந்தக் கம்பத்துக்கு, அதாவது மாஸ்ட்டுக்கு (mast), 'தூண்' வேண்டாம். தளத்தில் தூண் என்றால் கான்கிரீட் தூண். 'ஏற்றிக்கம்பம்' என்போம். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலைகளில் போல்ட் போட்டு இறுக்கி, இடையிடையே கட்டடத்தோடு பிணைத்து உயர்த்துவது அது. 2023 டிசம்பர் 11 அன்று ஸ்டாக்ஹோமை அடுத்த சுண்ட்பிபெரியில் ஒரு கட்டுமான ஏற்றி விழுந்து 5 பேர் இறந்தார்கள். கம்பத் துண்டுகள் சேரும் இடத்தில் போல்ட்டுகள் இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. 2012இல் சீனாவின் வூஹானில் 19 பேர் இறந்ததிலும் கம்ப இணைப்பின் போல்ட்டுகள்தான் பேசப்பட்டன. அதோடு 12 பேருக்கான கூண்டில் 19 பேர் இருந்தார்கள்.

இதைச் சொல்லக் காரணம், இன்னொரு சொல் இதோடு ஒட்டியிருக்கிறது. கூண்டு அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கினால் தானாகப் பற்றி நிறுத்தும் கருவிக்கு 'வீழ்ச்சித் தடுப்பி' என்று ஒரு மடலில் வந்தது. வேண்டாம் என்பேன். உயரத்தில் வேலை செய்பவர் அணியும் வார்ப்பட்டைக்கு வீழ்ச்சித் தடுப்பு என்ற பேச்சு ஏற்கெனவே உண்டு. தவிர, அந்தப் பெயர் எல்லா வீழ்ச்சியையும் தடுத்துவிடும் என்ற நம்பிக்கையைத் தருகிறது. அந்தக் கருவி தன் பற்சக்கரத்தால் கம்பத்தின் பற்சட்டத்தைத்தான் பிடிக்கிறது. கம்பமே பிரிந்து சாய்ந்தால் அது பிடிக்க எதுவும் இல்லை. கம்பத் துண்டோடு கூண்டும் சேர்ந்து விழும். கருவி கவனிப்பது வேகத்தை. ஆகவே 'மிகைவேகப் பிடி', தளத்தில் சுருக்கமாக 'வேகப்பிடி'. அதைச் சோதிக்க, கூண்டில் ஆளில்லாமல் எடை வைத்து, வெளியிலிருந்து பிரேக்கை விடுவித்து இறங்கவிடுவார்கள்; பல இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இதற்கு 'விழுசோதனை' என்ற சொல் நன்றாகவே இருக்கிறது, அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

கதவுகளில் அதிகம் விவாதிக்க ஒன்றுமில்லை: கூண்டுக்கதவு, தளக்கதவு. இரண்டும் மூடினால்தான் கூண்டு நகரும்படி செய்யும் அமைப்புக்கு 'பிணைப்பூட்டு' போதும். வேலை வேகமாக ஓடட்டும் என்று தளக்கதவைக் கட்டுக்கம்பியால் திறந்தபடியே கட்டிவைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதைக் கண்டிக்கும்போது "பிணைப்பூட்டை ஏமாற்றாதே" என்று சொன்னால் புரிகிறது.

ஹாய்ஸ்ட்டை இயக்குபவருக்கு மட்டும் எனக்கு முடிவாக ஒன்று தோன்றவில்லை. 'ஏற்றி இயக்குநர்' என்றால் நிறுவன இயக்குநர் நினைவு வருகிறது; 'ஏற்றி ஓட்டுநர்' எனக்குப் பிடித்திருக்கிறது. சென்னை, கோவைத் தளங்களில் இருப்பவர்கள் அங்கே அவரை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள். நல்ல சொல் ஒன்று புழக்கத்தில் இருந்தால் புதிதாக ஆக்கத் தேவையில்லை.