பி.ஆர்க். முடித்துவிட்டு எளிய மக்களுக்கான நகரத் திட்டமிடலுக்குப் போகலாமா?

கேள்வி:
இந்த வருடம் பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) முடிக்கிறேன். தண்ணீரும் பேருந்தும் யாருக்குக் கிடைக்கவில்லை என்று வரைபடத்தில் காட்டும் வேலையில்தான் மனம் போகிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.பிளான் (திட்டமிடலில் முதுகலைப் படிப்பு) இருக்கிறது. அதுவரை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பழகுங்கள், இலவசம்தான்.

பதில் 2:
தம்பி, நான் இந்தத் துறையில் இருக்கிறேன். மென்பொருள் சீக்கிரம் கைவந்துவிடும். எதை வரைவது என்பதுதான் பெரிய விஷயம்.

கண்ணகி நகரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையின் நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்த இடம். படத்தில் பார்த்தால் ஓ.எம்.ஆர். சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, என்ன குறை என்று தோன்றும். அங்கிருந்து மயிலாப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணிடம், போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேளுங்கள். அதனால் தூரத்தைக் கிலோமீட்டரில் வரையாதீர்கள், நிமிடத்தில் வரையுங்கள். 2021 முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பயணம் இலவசம். அந்தப் பேருந்துகளை மட்டும் தனி அடுக்காகப் போட்டுப் பாருங்கள், படமே மாறிவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. பேருந்து நேரத்துக்கு அட்டவணை போதுமா?

பதில் 2:
போதாது. விடியற்காலையில் நிறுத்தத்தில் நின்று, வருகிற வண்டியையும் ஏற முடியாமல் நிற்பவர்களையும் குறியுங்கள். அப்புறம் இந்தத் துறையில் வேலை கேட்கும்போது அந்தப் படத்தைக் காட்டுங்கள்.