புதுப்பிப்பு: பழைய பிக்கப்பா, சின்ன ஹேட்ச்பேக்கா?

பழைய பிக்கப் (பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள வண்டி) வாங்கலாமா, சின்ன ஹேட்ச்பேக் (பின்கதவு மேலே திறக்கும் சின்னக் கார்) போதுமா என்று கேட்டிருந்தேன் அல்லவா, இரண்டையும் ஓட்டிப் பார்த்தாச்சு. ஹேட்ச்பேக்தான்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார் என்று சொன்னவர்களுக்குப் பெரிய நன்றி. மேலே பளபளவென்று இருந்த பிக்கப்பின் சேஸிஸில், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில், மட்டும் புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் (அடுக்கடுக்கான இரும்புப் பட்டை ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால் டங் என்று கேட்காமல் மொத்து மொத்தென்று சத்தம், கூடவே துரு செதில் செதிலாக உதிர்கிறது. என்ஜின் என்னவோ அருமைதான். ஆனால் என்ஜினை மாற்றிவிடலாம், சேஸிஸ் போனால் வண்டியே போச்சு.

அப்புறம் காலியாக ஓட்டினால் பின்பக்கம் குதிக்கிறது. சுமை தாங்கக் கட்டிய ஸ்பிரிங், பாரம் இல்லாவிட்டால் அப்படித்தான். பின்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் ஈரச் சாலையில் வழுக்கவும் செய்யும்.

ஹேட்ச்பேக்கில் பின்சீட்டை மடித்து, சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றினால் சைக்கிளே உள்ளே போய்விடுகிறது. மணல், ஜல்லி ஏற்ற முடியாது, சரி, அது எப்போதாவது வரும் வேலை, வாடகைக்கு வண்டி பிடித்துக்கொள்கிறேன். தினமும் சுமை ஏற்றுபவருக்கு இந்தக் கணக்கு செல்லாது, அவர் நல்ல சேஸிஸாகத் தேடி பிக்கப்பே வாங்கட்டும்.