பதில்: பியர் அசெஸ்மென்ட் – சக மதிப்பீடா, உடன்கற்போர் மதிப்பீடா?

அனைவருக்கும் வணக்கம். மூடில் என்ற இணையவழிக் கற்றல் மென்பொருளைத் தமிழாக்கும்போது ‘பியர் அசெஸ்மென்ட்’ என்பதற்கு, அதாவது ஒரு மாணவர் எழுதியதைக் கூடப் படிப்பவர்களே மதிப்பிடுவதற்கு, என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு இது என் பதில். நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘சகபாடி மதிப்பீடு’ என்றே வைத்துவிடலாமே. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கும் விளங்கும்.

சகபாடி எனக்கும் பிடித்த சொல் ஐயா. இலங்கையில் அது அன்றாடப் பேச்சில் இருக்கிறது. ஆனால் போன வாரம் என் இரண்டாமாண்டு வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டுப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த மாணவி, “கூடப் பாடுறவங்களா மேடம்?” என்றாள். பாடம் என்பதிலிருந்து வந்தது என்று சொன்னதும் புரிந்துகொண்டாள். திரையில் படிக்கும்போது அப்படிப் பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இருக்காதே.

‘சக மதிப்பீடு’ இதைவிடச் சிக்கல். சக மாணவர், சக ஊழியர், சக பயணி என்று ‘சக’ பெரும்பாலும் ஆளுக்கு முன்னால்தான் வரும். மதிப்பீட்டுக்கு முன்னால் வைத்தால் ஆள் காணாமல் போய்விடுகிறார். என் மாணவர்கள் சிலர், தங்கள் குழுவுக்குத் தாங்களே மார்க் போட வேண்டும் என்றே அதைப் புரிந்துகொண்டார்கள்.

‘குழுவினர் மதிப்பீடு’ என்ற யோசனையும் வந்திருக்கிறது. மாணவர்கள் ஒருவர் படைப்பை ஒருவர் மதிப்பிடும் மூடிலின் ஒர்க் ஷாப் பகுதியில் அது நிற்காது. யார் படைப்பை யார் படிப்பது என்று கணினி குலுக்கிப் பிரிக்கும் இடத்தில், ஒரே குழுவில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் மதிப்பிடாமல் தடுக்க ஒரு வசதி உண்டு. கூட்டாகச் செய்யும் திட்டப்பணிக்கு அது மிகவும் தேவை. இல்லையென்றால் கூட்டாளிக்குக் கூட்டாளி முழு மார்க் போட்டுவிடுவார்கள். அந்த வசதியைப் போட்டுவிட்டால் மதிப்பிடுகிறவர் வேறு குழுக்காரர். அப்புறம் ‘குழுவினர்’ என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

நான் முன்வைப்பது ‘உடன்கற்போர் மதிப்பீடு’. இதற்கு நன்னூலில் வேர் இருக்கிறது. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது அந்த நூலைப் பற்றிய முன்னுரை, சொல்லத் தகுந்தவர்களை அதை எழுதிய பவணந்தியார் வரிசைப்படுத்தும்போது, தன் ஆசிரியனுக்கு அடுத்தபடியாகவே ‘தன்னொடு கற்றோன்’ வருகிறான். மாணாக்கனும் உரைகாரனும் அவனுக்குப் பிறகுதான். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரையும் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர், அதாவது அவரோடு ஒரே ஆசிரியரிடம் படித்தவர், என்றுதான் மரபு சொல்கிறது. பாயிரம் மார்க் போடுவது அல்ல, உண்மைதான். ஆனாலும் ஒருவர் எழுதியதைப் பற்றிப் பேசும் தகுதி கூடப் படித்தவருக்கு உண்டு என்ற எண்ணம் நம்மிடம் பழையது. மாணவர்கள் இன்னும் படித்துக்கொண்டிருப்பதால் ‘கற்றோர்’ என்பதைக் ‘கற்போர்’ ஆக்கியிருக்கிறேன். ஆய்விதழ்களில் நடக்கும் சரிபார்ப்புக்கு இந்தச் சொல்லை நீட்ட வேண்டாம். அங்கே ‘துறையறிஞர்’ போதும்.

அடுத்து, இலங்கை நண்பர்கள் கேட்ட கணிப்பீடு (அசெஸ்மென்ட்) / மதிப்பீடு (எவாலுவேஷன்) வேறுபாடு. ஒர்க் ஷாப்பில் மாணவர்கள் மதிப்பிடுவது ஒரு கட்டம். அவர்கள் எவ்வளவு சரியாக மதிப்பிட்டார்கள் என்று பார்த்து மார்க் கொடுப்பது அதற்கு அடுத்த கட்டம். மூடில் தானாக வைத்திருக்கும் கணக்கில் படைப்புக்கு 80, மதிப்பிட்டதற்கு 20. இரண்டு கட்டத்துக்கும் ஒரே சொல் என்றால் மாணவர்கள் குழம்பிப்போவார்கள். கணிப்பீடு உங்கள் ஆசிரியர் கைந்நூல்களில் ஊன்றிய சொல், அதை மதிக்கிறேன். ஆனால் தமிழ்நாட்டில் ‘கணிப்பு’ என்றதும் தேர்தல் கருத்துக்கணிப்புதான் நினைவுக்கு வரும். அதனால் முதலாவதை ‘மதிப்பீடு’ என்று விட்டுவிட்டு, இரண்டாவதை ‘மதிப்பிட்டவருக்கு மதிப்பெண்’ என்று விரித்தே எழுதலாம். நீளம்தான், ஆனால் படித்ததும் விஷயம் தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. மாணவர் தன் படைப்பைத் தானே மதிப்பிடவும் ஒர்க் ஷாப்பில் வழி உண்டு. ‘தன்மதிப்பீடு’ என்று போட்டால், அவசரத்தில் படிப்பவருக்குத் ‘தன்மதிப்பு’ என்று தெரிகிறது. ‘தானே மதிப்பிடல்’ சரியாக வருமா? வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்.